பத்திரிகையில் விட்டுப்போன எஸ்

கல்யாணப் பத்திரிகைக் கட்டு வீடு வந்து சேர்ந்தால் மணப்பெண் முதலில் தன் பெயரைத்தான் தேடுவாள். எழிலரசி வினைச்சொல்லைத் தேடினாள். அது அவள் பிறவிக் குணம். அதற்கு மருந்து கிடையாது.

அவள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் எடுப்பவள். வயது முப்பத்திரண்டு. எழுவாயோடு வினைச்சொல்லை எப்படிப் பொருத்துவது என்று வருஷா வருஷம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை தேய்ந்தவள். ஒருவர் செய்தால் வினைச்சொல்லின் வாலில் எஸ் வரும், பலர் செய்தால் வராது. கேட்க இவ்வளவுதான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு இது மண்டையில் ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னால் மரியாதைக்காக அப்பாவைப் பலராக்கிவிடுவார்கள். தேவனாம்பட்டினம் மீனவர் குப்பத்திலிருந்து வரும் மோனிகா என்ற பெண் ஒருநாள் எழுந்து நின்று கேட்டே விட்டாள்.

"எப்புடி மிஸ் எங்கப்பாவ ஒத்தையா எழுதுறது? அவுங்க வந்தாங்க, போனாங்கன்னுதான சொல்லுவோம்?"

இப்படி அப்பாவுக்காக வாதாடிய அதே மோனிகா, கரைக்கு வந்த அத்தனை படகையும் சேர்த்து 'வந்துச்சு' என்று ஒரே படகாக்கிவிடுவாள். ஆங்கிலத்திலும் அப்படியே எழுதி வைப்பாள்.

எழிலரசி சலித்துக்கொள்ள மாட்டாள். "எஸ் ஒண்ணே ஒண்ணுதான். பசங்கன்னு நெறைய பேரச் சொன்னா எழுவாய் அத எடுத்துக்கும், வினைச்சொல்லுக்குக் கெடைக்காது. ஒரே பையன்னா எழுவாய்க்கு வேணாம், அப்ப வினைச்சொல்லுக்குப் போயிடும். ரெண்டு பேர் கையிலயும் இருக்காது, ரெண்டு பேருக்கும் இல்லாமயும் போவாது" என்று மறுபடியும் ஆரம்பிப்பாள். பிள்ளைகள் அவளுக்கு எஸ் டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். உள்ளுக்குள் பெருமைதான்.

பிள்ளைகளோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. கேன்டீன் பலகை, ஆண்டுவிழா நோட்டீஸ், சக டீச்சர்களின் லீவு லெட்டர் என்று ஒன்றையும் விட்டுவைக்க மாட்டாள். கணக்கு டீச்சர் காயத்ரியின் லீவு லெட்டரை ஒருமுறை டீச்சர்கள் எல்லாரும் இருக்கும்போதே சத்தமாகப் படித்து, "மை மதர் ஹேவ் ஃபீவர் இல்ல டீச்சர், ஹேஸ்" என்று திருத்திக் கொடுத்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்ற கவலையில் இருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எழிலரசிக்குத் தோன்றவே இல்லை. அன்றிலிருந்து காயத்ரி, இவளுக்கும் ஒருநாள் வரும் என்று காத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் காத்திருப்பேன்.

அந்த நாளுக்கான விதை பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை விழுந்தது.

மாப்பிள்ளை தமிழ்மணி சிதம்பரத்தில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். மாசியில் முகூர்த்தம். நம் பக்கத்தில் கல்யாணத்தை நடத்துவது மாப்பிள்ளை வீடு, பத்திரிகை அடிப்பதும் அவர்கள்தான். பெண் வீட்டுக்கு அதிலேயே ஒரு கட்டு வரும். அப்படி வந்த கட்டைப் பிரித்து எழிலரசி ஒன்றை எடுத்தாள். அரக்கு நிறத்தில் தடித்த அட்டை, தங்க எழுத்து. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம். பெண் டீச்சர் என்பதற்காகவே மாப்பிள்ளை ஆசையாகச் சேர்த்த ஆங்கிலம் அது.

மாப்பிள்ளையின் அப்பா வைத்திலிங்கம் தவறி எட்டு வருஷம் ஆகிறது. அதனால் அழைப்பது அம்மா விருத்தாம்பாள் ஒருத்திதான். 'மிஸஸ் விருத்தாம்பாள், வைஃப் ஆஃப் லேட் வைத்திலிங்கம்' என்று அழகாகத் தொடங்கி, 'ரிக்வெஸ்ட்' என்று மொட்டையாக நின்றது. எஸ் இல்லை.

எழிலரசி அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு கட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள், ஏதோ அதில் மட்டும் இருந்துவிடும் என்பதுபோல.

"என்னாம்மா, பேர தப்பா போட்டுட்டாங்களா?" என்றார் அப்பா ராஜவேல். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"பேரு சரிதாம்ப்பா. எஸ் இல்ல."

"எங்க?"

காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "ஒரு எழுத்துதான? பேனாவால போட்டுடேன்."

"அரக்கு அட்டையில பேனா தெரியுமாப்பா? தெரிஞ்சாலும் கல்யாணப் பத்திரிகைய அடிச்சித் திருத்திக் குடுப்பாங்களா? கருமாதிப் பத்திரிகைகூட அப்புடிக் குடுக்க மாட்டாங்க." அவள் குரல் உடைந்தது. "இத எடுத்துக்கிட்டு எப்புடிப்பா ஸ்டாஃப் ரூமுக்குள்ள போவேன்? பத்தாவது பசங்க மூஞ்சியில எப்புடி முழிப்பேன்?"

ஒரு எழுத்துக்காகக் கண் கலங்குவதா என்று நீங்கள் கேட்கலாம். அவளிடம் பெருமைப்பட்டுக்கொள்ள நகையும் இல்லை, நிலமும் இல்லை. இருந்தது இந்த ஒரு பெயர்தான்: இவள் கையில் பிழை வராது. அதை அவள் தன் கல்யாணத்திலேயே தொலைக்கத் தயாராக இல்லை.

தமிழ்மணிக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க டீச்சர்" என்றான் அவன். நிச்சயம் ஆனதிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிடுகிறான்.

"பத்திரிகைய நீங்க படிச்சிப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. நல்லா இல்ல?"

"ரிக்வெஸ்ட்னு போட்டிருக்கு. ரெண்டு பேரு கூப்புட்டாதாங்க அப்புடி வரும். உங்கம்மா ஒருத்தவங்கதான கூப்புடுறாங்க? எஸ் வேணும்."

அந்தப் பக்கம் செம்புக் கம்பி சுற்றும் மெஷின் சத்தம் நின்றது. பிறகு அவன் சொன்னான், அச்சகத்தில் கம்ப்யூட்டரில் ஒரே மாதிரிதான் வைத்திருக்கிறார்களாம், புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து அழைக்கிற மாதிரி. அதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தனியாக ஒரு அம்மா அழைக்கிற பத்திரிகை அவர்களிடம் வந்ததே இல்லையாம்.

"அப்ப மாத்தி அடிக்கச் சொல்லுங்க."

"அம்மா மொதப் பத்திரிகைய மஞ்ச தடவி அப்பா படத்துக்கிட்ட வச்சிட்டாங்களே. வச்சப்பறம் திருப்பி அடிச்சா ஒரு மாதிரி நெனைப்பாங்க. அதுவும் இல்லாம, இத அடிக்கிறதுக்கே இங்க..." என்று இழுத்தான்.

இழுத்ததை அவள் பிடித்திருக்க வேண்டும். இங்கே என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவள் காதில் எஸ்ஸைத் தவிர வேறு எதுவும் விழுகிற நிலையில் இல்லை.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. தப்பு தப்புதான். இத நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றாள்.

போன் கை மாறியது. விருத்தாம்பாளின் குரல். "கண்ணு எழிலு, படிச்ச பொண்ணு நீ சொல்ற, சரியாதான் இருக்கும். அதுக்குப் போயி வருத்தப்படாத. திருப்பி அடிச்சிடச் சொல்றேன், என்னா?"

"சரிங்க அத்த" என்றாள் எழிலரசி. போனை வைத்தபோது ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள். பழைய கட்டு அலமாரிக்கு மேலே போய் உட்கார்ந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் கூறைப் புடவை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். கடலூரிலிருந்து எழிலரசியும் அப்பாவும் அம்மாவும் காலைப் பஸ் பிடித்துப் போனார்கள். மேலவீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடி. பாய் விரித்து இரண்டு வீட்டாரும் உட்கார்ந்தாயிற்று. கடைக்காரர் புடவையை அடுக்கடுக்காக வீசிப் போட்டார். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட ஒன்று எல்லாருக்கும் பிடித்தது.

"மொத கை யாரு வைக்கிறது? சுமங்கலிங்க வாங்க" என்று கூப்பிட்டாள் தமிழ்மணியின் சித்தி. அவளும் இன்னும் நான்கைந்து பெண்களும் புடவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். விருத்தாம்பாள் அதற்கு முன்பே எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவள்போலத் தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் சொல்ல வேண்டிய அவசியம் அவள் வைக்கவில்லை.

இதற்குள் தமிழ்மணியின் சித்தப்பா காசிநாதன் கையில் ஒரு கட்டோடு மேலே ஏறி வந்தார். அண்ணன் போன பிறகு அந்தக் குடும்பத்துக்கு முன்னால் நின்றவர் அவர். கடைக்கு வாடகைக்கு இடம் பிடித்தது, பெண் பார்த்தது, மண்டபம் பேசியது எல்லாம் அவர்தான். நல்ல மனுஷன். ஆனால் நல்லவர்கள் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அவர்களை அசைக்க முடியாது.

"இந்தாம்மா டீச்சர், புதுப் பத்திரிகை. சூடா நேரா அச்சாபீஸ்லேருந்து வர்றேன். எங்க, இப்ப ஒரு தப்பு சொல்லு பாப்போம்!" என்று ஒன்றை உருவிக் கொடுத்தார்.

எழிலரசியின் கண் பழக்கதோஷத்தில் நேரே வினைச்சொல்லுக்குப் போனது. 'ரிக்வெஸ்ட்.' எஸ் இல்லை. பகீரென்றது. அப்புறம்தான் மேல் வரியைப் பார்த்தாள். 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் காசிநாதன்.' இரண்டு பேர். எஸ் வரக் கூடாது. இலக்கணப்படி ஒரு குற்றமும் இல்லை. வினைச்சொல்லைத் திருத்தச் சொன்னால் மனுஷன் எழுவாயை மாற்றிவிட்டார்.

விருத்தாம்பாள் பெயரைத் தேடினாள். ஆங்கிலப் பக்கத்தில் இல்லை. தமிழ்ப் பக்கத்தைப் பார்த்தாள். 'தெய்வத்திரு வைத்திலிங்கம் அவர்களின் குமாரன்' என்று இருந்தது. பெற்றவள் அங்கேயும் இல்லை.

"மாமா, அத்த பேரு..."

"அதாம்மா சொல்ல வந்தேன். மொத பத்திரிகையில ஏன் கொறை வந்துச்சுன்னு யோசிச்சியா? அண்ணன் படத்துக்கிட்ட வச்சி நாலு நாளுகூட ஆவல, தப்புன்னு உன் வாயில வந்துச்சு. எனக்கு அப்பவே பட்டுச்சு. நல்ல காரியத்துக்கு அண்ணி பேரப் போட்டது சாமிக்கே புடிக்கல. எப்புடியும் திருப்பி அடிக்கப் போறோம், அதோட சேத்து இதையும் சரி பண்ணிட்டேன். அண்ணியும் சரின்னுட்டாங்க. நேத்தே மொதக் கட்டு வந்துடுச்சு, அதுல கொலதெய்வத்துக்கிட்ட ஒண்ணு வச்சி, திட்டக்குடி சொந்தத்துக்கு எல்லாம் எம்பையன் குடுத்துட்டும் வந்துட்டான்."

அவள் தூண் பக்கம் பார்த்தாள். விருத்தாம்பாள் சிரித்தாள். "நான்தான் கண்ணு சரின்னு சொன்னேன். உங்க மாமாவும் சின்ன அத்தையும் வேற யாரு, நம்ம ஆளுங்கதான?" என்றாள். அந்தச் சிரிப்பைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று எழிலரசிக்குத் தோன்றியது.

தமிழ்மணி பத்திரிகையை வாங்கிப் படித்தான். மாடிப்படி இறங்கிப் போனான். தை அறுவடைக் காலம், நாள் பூராவும் வயல் வயலாக மோட்டார் கழற்றிக்கொண்டிருந்தவன், எஸ் போடச் சொல்லி அச்சகத்துக்குப் போனில் சொன்னதோடு விட்டிருக்கிறான். எழிலரசி யாரிடமும் கேட்காமல் அவன் பின்னாலேயே இறங்கினாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் இப்படிப் போவதா என்று மேலே ஒரு குரல் கேட்டது. கேட்கட்டும்.

கீழே ஜூஸ் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரிஞ்சா உட்டிருப்பேனா?" என்றான். அவன் முகத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் தெரிந்தது. "அம்மா பேரப் போடணும்னு மார்கழி பூரா சித்தப்பாவோட மல்லுக்கு நின்னேன். அப்பா போனப்பறம் ஒரு வருஷம் நான் வேலையில்லாம சுத்திக்கிட்டு கெடந்தேன். சித்தப்பா எடம் புடிச்சிக் குடுத்தாரு, கடையத் தொறந்து நடத்துனது அம்மா. ஸ்விட்ச தொடவே பயப்படுவாங்க, செம்புக் கம்பிய எடை போட்டு வாங்கி, ஆளு வச்சி காயில் கட்டி, கஸ்டமர்கிட்ட பேசி... அப்புறம் கல்யாணத்துக்குக் கூப்புடுறது மட்டும் வேற யாரோவா? கடைசியா சித்தப்பா மனசில்லாம ஒத்துக்கிட்டாரு. எப்படா சாக்கு கெடைக்கும்னு இருந்தாரு."

நிறுத்தினான். பிறகு மெல்லச் சொன்னான். "நாமதான் குடுத்துட்டோம்."

நாம் என்றான். நீ என்று சொல்லியிருந்தால்கூட அவள் சண்டை போட்டு ஆறியிருப்பாள். ஒரு எழுத்துக்காக ஒரு பெயரையே துடைத்துப் போட்டுவிட்டேனே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. போனில் அவன் இழுத்தபோது என்ன என்று கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

"இதையே அன்னிக்கு என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க சொல்ல உட்ட டீச்சர்?"

அவள் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்டு அலமாரிமேல பழைய கட்டு அப்புடியே இருக்கு" என்றாள் அவள்.

"அதுல எஸ் இல்லியே."

"இல்லதான்."

அதைச் சொல்லும்போதே காயத்ரியின் முகம் அவள் கண் முன்னால் வந்தது. பத்தாம் வகுப்புக் கடைசி பெஞ்சு வந்தது. மூன்றாவது தரம் அடித்தால் என்ன என்று அவன் கேட்டான். அவளும் யோசித்துப் பார்த்தாள். இரண்டு தரம் அடித்ததற்கே சகுனம் பேசுகிறவர் மூன்றாவது தரத்துக்குக் கல்யாணத்தையே நிறுத்தச் சொல்வார், அந்தப் பழியும் விருத்தாம்பாள் தலையில்தான் விடியும்.

மேலே ஏறிப் போனாள். காசிநாதன் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, இந்தப் புதுக் கட்டு எங்களுக்கு வேணாம். எங்க பக்கத்துக்குப் பழசையே குடுத்துக்கிறோம்."

"அதுல தப்பு இருக்குதுன்னு நீதானம்மா குதிச்ச?"

"இருக்குது மாமா. இருந்துட்டுப் போவட்டும்."

"ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு பத்திரிகையா? ஊரு சிரிக்கும்மா."

"சிரிச்சா என்னப் பாத்துதான் சிரிக்கும். நான்தான இங்கிலீஷ் டீச்சர்?"

காசிநாதன் ராஜவேலைப் பார்த்தார். "என்னா சம்பந்தி, பொண்ணு இப்புடிப் பேசுது?" ராஜவேல் முப்பது வருஷம் பஸ்ஸில் தகராறு தீர்த்தவர். "சின்ன விஷயம் சம்பந்தி. உங்க ஆளுங்களுக்கு உங்க பத்திரிகை, எங்க ஆளுங்களுக்கு அது. அவுங்க அவுங்க கைக்கு ஒண்ணுதான போவுது" என்றார். மேலே பேசினால் புடவை எடுக்கும் நேரம் போய்விடும் என்று காசிநாதன் வாயை மூடிக்கொண்டார். ஆனால் முகம் சுருங்கித்தான் இருந்தது.

விருத்தாம்பாள் கிட்டே வந்து எழிலரசியின் கையைப் பிடித்தாள். "வேணாம் கண்ணு. எம்பேரு இருந்தா என்னா, இல்லாட்டி என்னா? வந்ததும் வராததுமா எனக்காக நீ கெட்ட பேரு வாங்காத. உன் வேலையும் இருக்குதே, அங்க நாலு படிச்சவங்க பாப்பாங்க."

"அத்த, நீங்க ஒண்ணு பண்ணணும்" என்றாள் எழிலரசி. "எங்க ஸ்கூலுக்கு வந்து நீங்களே குடுக்கணும். உங்க பேரு போட்டிருக்கு, கூப்புடுறது நீங்க. நான் குடுத்தா நல்லாருக்காது."

"நானா? நான் எப்புடி கண்ணு தட்டு எடுத்துக்கிட்டு..."

"தட்ட நான் எடுத்துக்கிறேன். நீங்க பத்திரிகைய மட்டும் குடுங்க."

மறு வாரம் திங்கட்கிழமை, மதிய இடைவேளையில், விருத்தாம்பாள் பள்ளிக்கு வந்தாள். தமிழ்மணி பைக்கில் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு வெளியே நின்றுகொண்டான். வெளிர் நீலத்தில் புதுச்சேலை, நெற்றியில் திருநீறு. எழிலரசி ஒரு தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, கல்கண்டு எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டாள். பிரின்சிபால் அறையில் காரியம் சீக்கிரம் முடிந்தது. அவர் பத்திரிகையைப் பிரிக்காமலே மேஜையில் வைத்துக்கொண்டு கும்பிட்டார். விருத்தாம்பாள் தலையை ஆட்டினாளே தவிர வாய் திறக்கவில்லை.

ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்திருந்த நேரம். முதல் மேஜை காயத்ரியுடையது. விருத்தாம்பாள் பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினாள். காயத்ரி எழுந்து மரியாதையாக வாங்கினாள். கையை டவலில் துடைத்துக்கொண்டு பிரித்தாள். தமிழ்ப் பக்கத்தை விட்டுவிட்டு ஆங்கிலப் பக்கத்துக்குப் போனாள். படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். அவள் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது.

"எழில் டீச்சர்" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இதுல எஸ் விட்டுப்போச்சே!"

நாலைந்து பேர் கையில் இருந்த சோற்றோடு திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த மேஜைத் தமிழ் டீச்சர் எட்டிப் பார்த்து, "எங்க, எங்க?" என்றார்.

விருத்தாம்பாளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எஸ் என்றால் எது என்று இந்தச் சில நாட்களில் அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கையில் எடுத்த அடுத்த பத்திரிகை அப்படியே நின்றது. முகம் செத்துவிட்டது. எழிலரசியின் பக்கம் சாய்ந்து, "நான் அப்பவே சொன்னேன் கண்ணு. எம்பேரு போட்டதாலதான்..." என்று முணுமுணுத்தாள்.

எழிலரசியிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள், நான்தான் கண்டுபிடித்தேன், திருத்தி அடிக்கவும் சொன்னேன் என்று சொல்லலாம். அத்தனையும் உண்மை. அவள் பெயரும் தப்பித்துவிடும். ஆனால் அப்புறம் ஏன் பழசைக் கொடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். புதியதில் இந்த அம்மாள் பெயர் இல்லை என்று, இந்த அம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்ல வேண்டி வரும்.

"அச்சாபீஸ்ல புரூஃப் குடுத்தாங்க காயத்ரி. நான்தான் பாத்தேன்" என்றாள் எழிலரசி. எல்லாருக்கும் கேட்டது. "கவனிக்காம விட்டுட்டேன். என் தப்புதான்."

ஒரு நிமிஷம் யாராலும் நம்ப முடியவில்லை. பிறகு அறையே சிரித்தது. "எஸ் டீச்சருக்கே எஸ் போச்சா!" என்றார் தமிழ் டீச்சர். "கல்யாணக் கனவுல இருந்திருப்பாங்க" என்றது ஒரு குரல். இது சாயங்காலத்துக்குள் பத்தாம் வகுப்புக்குப் போகும், நாளைக்குக் கரும்பலகையில் ஏறும், அவள் ஓய்வு பெறும் நாள் வரை பேசப்படும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. காது மடல் எரிந்தது. ஆனாலும் தலையைக் குனியாமல் நின்றாள். காயத்ரி மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். இத்தனை நாள் காத்திருந்தது இவ்வளவு சுலபமாகக் கைக்கு வந்ததில் அவளுக்கே ஏதோ குறைந்துவிட்டது போலும்.

விருத்தாம்பாள் சிரிக்கவில்லை. அவள் எழிலரசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கட்டு வந்த அன்றைக்குப் போனில் அழாக்குறையாகச் சண்டை போட்டவள் இவள்தான் என்று அங்கே தெரிந்தது அவள் ஒருத்திக்கு மட்டும்தான். புரூஃப் எதையும் இவள் பார்த்திருக்கவில்லை என்பதும் தெரியும். ஏதோ கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. கண்ணை ஒருமுறை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

பிறகு கையை நீட்டினாள். எழிலரசி இன்னொரு பத்திரிகையை எடுத்து அந்தக் கையில் வைக்கப் போனாள்.

"அது இல்ல" என்றாள் விருத்தாம்பாள். "தட்டக் குடு."

குங்குமத்தோடு இருந்த தட்டைத் தானே வாங்கிக்கொண்டாள். அடுத்த மேஜைக்கு நடந்து, தமிழ் டீச்சர் முன்னால் அதை நீட்டி, அந்த அறையில் கடைசியில் உட்கார்ந்திருந்தவருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எம்மவன் கல்யாணம். நான்தான் கூப்புடுறேன். எல்லாரும் அவசியம் வந்துடணும்."